டில்லி மாநகரும் இயற்கை வாயுவும்



டீசற் புகையால் திணறிய டில்லி மாநகரம் இயற்கை வாயுவை நாடிய வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

இவ்வாயு பெரும்பாலும் மீதேன் ஆகும். அடுப்பெரிக்கும் சிலிண்டர் வாயு வேறு; இது வேறு. காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தி, உறுதியான உருளைகளில் அடைத்து வண்டியிற் பொருத்துவர். எரியும்போது எழும் கரித்துகள் மிகக் குறைவு. கசிந்தாலும், காற்றினும் இலேசானதாகையால் திறந்த வெளியில் மேலெழுந்து கலைந்துவிடும்.

வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985 இல் தொடுத்த வழக்கிலே, டில்லிப் பஸ்கள் யாவும் 2001 மார்ச் 31 க்குள் இவ்வாயுவுக்கு மாறவேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் 1998 இல் ஆணையிட்டது. வாயு நிரப்பும் நிலையங்கள் போதவில்லை. சாரதிகள் மணிக்கணக்காக வரிசையிற் காத்துநின்றனர். தவணை நீண்டது. எனினும் நீதிமன்றம் தளரவில்லை. 2002 முடிவதற்குள் நகரப் பஸ் சேவையிலிருந்து டீசல் பஸ்கள் நீங்கின.

அத்துடன் துன்பம் தீர்ந்ததா? இல்லை. வண்டிகள் பெருகின. புழுதியும், அறுவடை முடிந்த வயல்களில் எரிக்கும் வைக்கோலின் புகையும் சேர, குளிர்காலத்தில் டில்லி இன்றும் மூச்சுத் திணறுகின்றது. மேலும், எரியாது கசியும் மீதேன் புவியைச் சூடாக்கவும் வல்லது.

எனவே எரிபொருளை மாற்றுதல் முதற்படியே. சொந்த வண்டியை விட்டுப் பஸ்ஸில் ஏறுதல் அடுத்த படி. முன்னதை நீதிமன்றம் ஆணையிடலாம். பின்னதை, இளைஞர்களே, நாமே மனமுவந்து செய்தல் வேண்டும்.