பொதுவிதியும் சிறப்புவிதியும்: கிட் அமைவுகளின் இடமறிதல்



உயிரீற்றின் முன் வல்லினம் மிகும் என்பது பொதுவிதி. வினைத்தொகையில் மிகாது என்பது சிறப்புவிதி. ஆகவேதான் 'ஊறுகாய்' என்கிறோம். சிறப்புவிதி பொதுவிதியை அழிப்பதில்லை. தனக்குரிய இடத்தில் மட்டும் விலக்குகிறது.

2005ஆம் ஆண்டு லினஸ் தோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளிலும் இந்நெறியே ஆட்சி செய்கிறது. அதன் அமைவுகள் முதன்மையாக மூன்று படிகளில் நிற்கின்றன: கணினி முழுமைக்கும் உரியது, பயனருக்கு உரியது, ஒரு களஞ்சியத்திற்கு மட்டும் உரியது. கிட் இவ்வரிசையில் படிக்கும். முரண் நேர்ந்தால் இறுதியில் படித்ததே வெல்லும். இடைப்படியைக் 'குளோபல்' என்பர். சொல் மயக்கம் தருவது. அதன் எல்லை உலகன்று, ஒரு கணினியில் ஒரு பயனரே.

எதனை எங்கு வைப்பது? இரு சான்றுகளைக் காண்போம்.

தமிழில் பெயரிட்ட கோப்பைக் கிட் இயல்பாக எண்கோவையாகக் காட்டும். 'அ' என்னும் ஓரெழுத்து, யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் மூன்று பைட்டுகள் ஆதலின், \340\256\205 எனத் தோன்றும். 'கோர்.குவோட்பாத்' அமைவை 'ஃபால்ஸ்' என மாற்றினால் எழுத்து எழுத்தாகவே தெரியும். தமிழில் பணியாற்றுவோர்க்கு இது எல்லாக் களஞ்சியங்களிலும் வேண்டுவது, எனவே பொதுவிதி.

மின்னஞ்சல் முகவரி அவ்வாறன்று. நாம் செய்யும் ஒவ்வொரு 'கமிட்' பதிவிலும் பெயரும் முகவரியும் பதிகின்றன. மாணவரின் சொந்த முகவரி பொதுவிதியாக இருப்பின், பள்ளித் திட்டப்பணியிலும் அதுவே ஏறும்; களஞ்சியம் பொதுவெளிக்கு வந்தால் யாவரும் காண்பர். பின்னர் அமைவை மாற்றினும் முன்னைப் பதிவுகள் மாறா. ஆதலின், பள்ளி முகவரியை அக்களஞ்சியத்தின் சிறப்புவிதியாக முதற்பதிவிற்கு முன்னரே அமைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. களஞ்சியத்தின் சிறப்பு அமைவு, அதனைப் படியெடுக்கும்போது உடன் செல்லாது. ஆசிரியர் தம் கணினியில் அமைத்தது மாணவர் கணினியை எட்டாது. ஒவ்வொருவரும் தாமே அமைக்க வேண்டும். வரிமுடிவுக் குறி போல அனைவர்க்கும் பொதுவானவற்றை '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் எழுதிப் பணியோடு சேர்த்துவிட்டால் அவை உடன் செல்லும்.

ஐயம் எழுந்தால், 'கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின்' என்னும் கட்டளை எம்மதிப்பு எக்கோப்பிலிருந்து வந்தது எனக் காட்டும். விதியின் பிறப்பிடம் அறிந்தவர்க்கே அதன் ஆட்சி விளங்கும். அமைவு ஒன்றை எழுதுமுன், இஃது ஆளுக்குரியதா, பணிக்குரியதா என வினவுவோம்.