மக்கானா தின்ன ஆதி மனிதர்கள்

என் ரூம்மேட் போன மாசம் பேலியோ டயட் ஆரம்பிச்சான். சோறு கிடையாது, இட்லி கிடையாது, சேப்பங்கிழங்கு வறுவலைப் பார்த்தாலே முறைக்கிறான். ஏன்டான்னு கேட்டா, "ஆதி மனுஷன் வேட்டையாடி கறிதான் தின்னான். நம்ம உடம்பு அதுக்குத்தான் டிசைன் ஆயிருக்கு"ங்கிறான். எனக்கு அப்போ பதில் தெரியல. அப்புறம் தேடினதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஆபீஸில் என் பாதி நாள் சர்வர் லாக் படிக்கிறதுலயே போயிடும். அதுல அடிபட்டுக் கத்துக்கிட்ட ஒண்ணு: லாக்கில் இல்லைங்கிறதுக்காக அது நடக்கவே இல்லைன்னு முடிவு கட்டக்கூடாது. தொல்லியலிலும் இதே சிக்கல். எலும்பும் கல்லும் லட்சக்கணக்கான வருஷம் தாங்கும். கீரை, பழம், கிழங்கு எல்லாம் சீக்கிரமே மக்கிப் போயிடும். அதனால தோண்டும்போது கிடைக்கிறது கல் கோடரியும் வெட்டுத் தழும்புள்ள எலும்பும்தான். உடனே நம்ம மனசுல ஈட்டியோட ஒருத்தன் ஓடுறான். கொட்டை பொறுக்கினவங்க அந்தப் படத்துலயே வர்றதில்லை.

ஆனா ஒரு இடத்துல அந்த லாக் அழியாம தப்பிச்சிருக்கு. வடக்கு இஸ்ரேலில், ஜோர்டான் ஆற்றங்கரையில் இருக்கிற கெஷெர் பெனோத் யாகோவ். சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்னாடி அது ஒரு ஏரிக்கரை. நம்ம ஹோமோ சேப்பியன்ஸ் இனமே அப்போ கிடையாது. அங்கே மண் எப்பவும் நீரில் ஊறியே இருந்ததால ஆக்சிஜன் உள்ளே போகல. விதை, பழக்கொட்டை, மரத்துண்டு எல்லாம் மக்காமல் நின்னுடுச்சு. நாமா கோரென்-இன்பார் தலைமையில் தோண்டின அந்த இடத்திலிருந்து 55 வகை உணவுத் தாவரங்களை அடையாளம் கண்டு 2016-ல் வெளியிட்டாங்க. ஓக் மரக் கொட்டை, வட இந்தியாவில் சிங்காடான்னு விக்கிற கொம்பு வெச்ச நீர்க்கொட்டை, அப்புறம் நம்ம மக்கானா!

ஆமா, ஜிம் போறவங்க பொட்டலம் பொட்டலமா வாங்குற அதே மக்கானா. (கடையில தாமரை விதைன்னு எழுதியிருப்பாங்க. அது தாமரை இல்ல, இலையெல்லாம் முள்ளா இருக்கிற வேறொரு நீர்ச்செடி.) இப்போ அந்தச் செடி இஸ்ரேலில் இல்லை. அதை எப்படிச் சாப்பிட்டிருப்பாங்கன்னு தெரிஞ்சுக்க அந்த ஆய்வாளர்கள் பீகாரைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஆய்வில் சேர்ந்தவங்கள்ல சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் உண்டு; சென்னைக்குப் பக்கத்துல அதிரம்பாக்கத்தில் அகழாய்வு செய்யறவங்க.

பீகாரில் குளத்துல மூழ்கி, அடிச் சேற்றிலிருந்து விதையை அள்ளுறாங்க. கழுவி, காயவெச்சு, வறுத்து, சூடு ஆறுறதுக்குள்ள மரச்சுத்தியால ஒரே போடு போட்டா ஓடு உடைஞ்சு வெள்ளைப் பொரி வெளியே வரும். இப்போ அந்த ஏரிக்கரைக்கு வாங்க. அங்கே நெருப்பு பயன்படுத்தின தடயம் இருக்கு. குழி விழுந்த கற்கள் இருக்கு, கொட்டை உடைக்கிற கல். 2025-ல் வந்த ஆய்வில், அங்கே இடிக்கப் பயன்பட்ட பசால்ட் கற்கள்ல 650-க்கும் மேல ஸ்டார்ச் துகள்கள் கிடைச்சிருக்கு. புல் தானியம், பருப்பு வகை, அல்லித்தண்டுக் கிழங்குன்னு பலது. ஸ்டார்ச்னா என்ன? என் ரூம்மேட் வேண்டாம்னு தள்ளி வைக்கிற அதே மாவுச்சத்து.

கறி தின்னலன்னு நான் சொல்லவே இல்லை. அதே இடத்துல உடைஞ்ச யானை மண்டையோடு கிடைச்சிருக்கு, மீன் சமைச்ச தடயமும் இருக்கு. ஒரு ஏரிக்கரையை வெச்சு உலகத்துல இருந்த எல்லா மூதாதையருக்கும் மெனு கார்டு எழுதவும் முடியாது. ஆனா எது எந்த மாசத்துல பழுக்கும், எது குளத்தடியில் கிடக்கும், எதை வறுத்தா ஓடு விடும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஈட்டி எறியறதைவிட இது லேசான மூளை வேலைன்னு எனக்குத் தோணல.

இதெல்லாம் ரூம்மேட்கிட்ட சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அப்போ மக்கானா பேலியோதானா?"ன்னான். ஆமான்னேன். ரெண்டு கிலோ ஆர்டர் போட்டிருக்கான். இட்லி இன்னும் பேச்சுவார்த்தையில இருக்கு.

அடுத்த எபிசோடில் அதிரம்பாக்கம் போவோம்.