நோவாவின் சாபமும் வாசிப்போர் கடமையும்



எபிரேய மறைநூலின் கதைகளுக்கு யூதரும் கிறித்தவரும் எவ்வாறு பொருள் கண்டனர் என்பது குறித்துப் பேசப் பணிக்கப்பட்டோம். கடல்போல் விரிந்த பொருள் இது. ஆதலின் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறோம். ஒரு கூட்டத்தார் பிறப்பினாலேயே அடிமைகள் என்று சாதிப்பதற்கு நெடுங்காலம் பயன்பட்ட கதை அது. பிறப்பின் பெயரால் இழிவு சுமத்தப்பட்ட நமக்கு அதன் வரலாறு அயலார் வரலாறாகத் தோன்றாது.

ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் அக்கதை வருகிறது. பெருவெள்ளத்திற்குப் பின் நோவா திராட்சைத் தோட்டமிட்டார். அதன் மதுவை அருந்திக் கூடாரத்தில் ஆடையின்றிக் கிடந்தார். மகன் காம் அதனைக் கண்டு உடன்பிறந்தார் இருவருக்கும் அறிவித்தான். சேமும் யாப்பேத்தும் முகத்தைத் திருப்பியவாறு பின்னோக்கி நடந்து சென்று தந்தையைப் போர்த்தினர். மயக்கம் தெளிந்த நோவா சாபமிட்டார். கண்டவன் காம், சாபம் விழுந்ததோ காமின் மகன் கானான் மீது. அவன் தன் சகோதரர்க்கு அடிமைகளின் அடிமையாவான் என்றார் நோவா.

மூலத்தின் ஒவ்வொரு சொல்லிலும் நின்று கேள்வி கேட்பது யூத ரபிமாரின் வழக்கம். மித்ராஷ் என்னும் அவ்வுரை மரபில் மாறுபட்ட விடைகள் அருகருகே நிற்கும். ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. ஆதியாகமத்திற்கு எழுந்த பழைய மித்ராஷ் தொகுப்பு, பிழை ஒருவனுடையதாக இருக்கச் சாபம் வேறொருவனுக்கு ஏன் என்று வினவுகிறது. நோவாவின் மைந்தர்க்குக் கடவுள் முன்னரே ஆசி வழங்கிவிட்டார். ஆசி பெற்றவனிடத்தில் சாபம் தங்காது என்கிறார் ரபி யூதா. கானானே முதலில் கண்டவன் என்கிறார் ரபி நெகேமியா. காமின் வழியினர் கருநிறம் பெற்றதைத் தண்டனையாகச் சொல்லும் கதையும் அத்தொகுப்பில் உண்டு. மறைநூலிலோ நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கிறித்தவ உரையாசிரியர்கள் பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளில் கிறித்துவின் முன்னடையாளங்களைத் தேடினர். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீனார் எழுதிய ‘கடவுளின் நகரம்’, ஆடையின்றிக் கிடந்த நோவாவில் பாடுபட்ட கிறித்துவின் சாயலைக் காண்கிறது. அந்நூலின் வேறோரிடத்தில், அடிமைத்தனம் இயற்கையாய் அமைந்ததன்று, பாவத்தின் விளைவே என்று கூறி இச்சாபத்தை அவர் சான்று காட்டுகிறார். முற்பகுதியைக் கைவிட்டுப் பிற்பகுதியை மட்டும் பற்றிக்கொண்டோர் பின்னாளில் பலராயினர்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு விலங்கிட்டோர், கானானின் சாபத்தைக் காமின் தலையில் ஏற்றினர். ஆப்பிரிக்கர் அனைவரையும் காமின் மக்களாக்கினர். கிறித்தவப் பிரசங்கிகள் பலர் இதனை ஓதினர். 1861 சனவரி 4ஆம் நாள் நியூயார்க்கில் ரபி மாரிஸ் ரஃபால் என்பவரும் இச்சாபத்தை எடுத்துக்காட்டி, அடிமைமுறையை மறைநூல் பாவமெனக் கூறவில்லை என்று உரையாற்றினார். அடிமையைப் பொருளாக நடத்தியதை அவரும் ஏற்கவில்லை. எனினும் அவர் பேச்சு அடிமை உடையோர்க்கு அரணாயிற்று.

அவ்வாண்டே அவருக்கு மறுமொழி எழுதியவரும் ஒரு ரபியே. பால்டிமோர் நகரத்து டேவிட் ஐன்கார்ன், மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்ற அதே ஆதியாகமத்தின் கூற்றை முன்வைத்தார். எகிப்தின் அடிமைத்தளையினின்று மீட்கப்பட்டதற்காக நாள்தோறும் கடவுளைப் போற்றும் யூதன் அடிமைமுறையை ஆதரிப்பது தகுமோ என்று கேட்டார். ஏப்ரலில் அந்நகரில் கலகம் மூண்டபோது, அச்சுறுத்தலுக்கு ஆளாகிப் பிலடெல்பியாவுக்குச் செல்ல நேர்ந்தது.

அடிமையாய்ப் பிறந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தம் வரலாற்றில் இச்சாபத்தைக் கணக்கிட்டே தகர்த்தார். அடிமைப் பெண்களிடம் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகளுள் ஆயிரக்கணக்கானோருக்கு வெள்ளை எசமானர்களே தந்தையர். அவ்வாறிருக்க, காமின் வழியினர் மட்டுமே அடிமைகள் என்பது எவ்வாறு நிற்கும் என்றார். இவ்வாறு எதிர்வாதம் பிறக்கும் என்பதை எசமானர்கள் அறியாமலில்லை. வட கரோலினா மாநிலம் 1830ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதைத் தடுத்தது. எண் கற்பிப்பதற்கு மட்டும் விலக்களித்தது. கணக்குத் தெரிந்த அடிமை எசமானுக்கு ஆதாயம். நூலைத் திறந்து பார்க்கும் அடிமை அவனுக்கு ஆபத்து.

அந்நூலைத் திறந்தால் காண்பது என்ன? தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் உரைக்கிறது. சற்றேறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதரின் மிஷ்னா, மனிதன் முதலில் தனியொருவனாகப் படைக்கப்பட்டது ஏன் என்று வினவி, என் தந்தை உன் தந்தையினும் பெரியவர் என்று எவனும் சொல்லாதிருப்பதற்கே என்று விடை தருகிறது. 4ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ ஆயரான நீசா நகரத்துக் கிரகோரியார், அடிமைகளை வாங்கியதாகப் பிரசங்கி நூலில் வரும் இடத்தை விளக்கும்போது, கடவுளின் சாயலுக்கு விலை பேச யாரால் இயலும் என்று இடித்துரைத்தார்.

ஒரே நூலினின்று விலங்கும் செய்யப்பட்டது. அவ்விலங்கை உடைக்கும் சம்மட்டியும் செய்யப்பட்டது. நூல் இன்னது சொல்கிறது என்று பிறர் கூறக் கேட்டுத் தலை குனிந்திருக்கும்வரை, சாபம் யாருக்கு இடப்பட்டது என்பதைக்கூட நாம் அறிய இயலாது. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கையில் ஏட்டைக் கொடுத்து வருவதன் பொருள் இதுவே. எந்த நூலாயினும், எவர் கொணர்ந்ததாயினும், எங்கே எழுதியிருக்கிறது என்று நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். பக்கத்தைப் புரட்டித் தாமே படிக்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்கும் தலைமுறை இங்கே வளர்ந்தோங்குக என வாழ்த்தி அமைகிறோம்.