கடற்செலவும் கைச்செலவும்

(ஸ்ரீபெரும்புதூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் யான் பெரும்பாலும் இலக்கியம் பற்றியே பேசி வந்திருக்கிறேன். இத்திங்கள் நம் செயலாளர் அவர்கள் வேறொரு பணியை என்மீது சுமத்தினார். "நம் பிள்ளைகளிற் பலர் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகளில் உழைத்து ஓரளவு பொருள் சேர்த்திருக்கின்றனர். குடும்பத்துடன் உல்லாசக் கப்பலிற் செல்ல விரும்புகின்றனர். இருமுறை சென்று வந்தவர் தாங்கள். பணத்தை வீணாக்காமல் சென்று வருவது எப்படி என்று கூறவேண்டும்" என்றார். யான் வணிகன் அல்லேன், மாலுமியும் அல்லேன். ஆயினும், பட்டறிந்தவன் என்னும் ஒரு தகுதி எனக்கு உண்டு. அதனைக் கொண்டே பேசத் துணிந்தேன்.

'செலவு' என்னும் சொல்லை முதற்கண் நோக்குமின். பழந்தமிழில் அதற்குப் 'பயணம்' என்பது பொருள். தலைவன் பிரிந்து செல்லக் கருதிப் பின்னர்த் தயங்கி நிற்றலைச் 'செலவழுங்கல்' என்றனர் இலக்கண நூலார். இன்று நாம் செலவு என்றால் கையிலிருந்து பணம் போவதையே கருதுகிறோம். இரண்டும் 'செல்' என்னும் ஒரே பகுதியிற் பிறந்தவை. எனவே, செல்லுதற்கு முன் செல்வது யாது என எண்ணிப் பார்த்தல் தமிழர்க்குப் புதிதன்று.

தொல்காப்பியனார், மகளிரோடு கடல் கடத்தல் வழக்கன்று என்றார். அக்காலம் மாறிப் போயிற்று. நம் பாட்டன்மார் காலத்தில் ரஜுலா என்னும் கப்பல் 1926ஆம் ஆண்டு தொடங்கி 1973 வரையில் சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்கும் இடையே ஓடிற்று. அதனையடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீவிபத்துக்கு உள்ளான பின்னர் அவ்வழிப் போக்குவரத்தும் நின்றது. அந்நாளிற் கப்பலேறினோர் பிழைப்பு நாடி ஏறினர். என் தாயைப் பெற்ற பாட்டனாரும் அவ்வாறு ஏறியவரே. பினாங்கில் ஒரு கடையிற் கணக்கெழுதி, ஈராண்டுக்கொருமுறை ஊர் வந்து, ஈற்றில் அவ்வூரிலேயே கண் மூடினார். அப்போது என் தாய் சிறுமி. "அப்பா இருந்த தெருவை ஒருமுறை பார்க்கவேண்டும்" என்பது அவர்கள் நெடுநாளாகக் கூறிவந்த சொல்.

இனி என் முதற்பயணத்தைக் கூறுவேன். அது 2023ஆம் ஆண்டு. மூன்று இரவுப் பயணம். பினாங்கு அன்று, அண்மையிலுள்ளதொரு துறை. கப்பலின் பெயர் ஈண்டு வேண்டா, பிழை என்னுடையது. பயணச்சீட்டுக்குரிய பணத்தைச் செலுத்திவிட்டோம், இனிச் செலவில்லை என்று எண்ணி ஏறினேன். இறுதி நாட் காலையில் அறைக்கதவின் கீழ் ஒரு தாள் கிடந்தது. கரைச்சுற்றுலா நால்வர்க்கு ரூ.8,000, இணைய இணைப்பு ரூ.2,600, புகைப்படங்கள் ரூ.2,200, தனிக்கட்டண உணவகத்தில் இருவேளை ரூ.3,400, ஆகக்கூடி ரூ.16,200. ஊர் திரும்பிய ஒரு கிழமையில் மகனுடைய கைப்பேசிக் கணக்கும் வந்தது, அது ரூ.5,440. இரண்டும் சேர்ந்து ரூ.21,640. அது என் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென எடுத்து வைத்திருந்த தொகை. என் மனைவியின் வளையல்கள் இரண்டும் ஏழு திங்கள் அடகிற் கிடந்தன. அவள் ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருப்பின் எனக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

அவ்வேழு திங்களிலும் யான் கற்றவற்றை முறைப்படுத்திச் சொல்கிறேன்.

முதலாவது, கடன்பட்டுக் கப்பலேறற்க. திங்கள் ரூ.2,000 வீதம் 24 திங்கள் சேர்த்தால் ரூ.48,000 ஆகும். பதிவு பெற்ற சீட்டிலோ அஞ்சலகத் தொடர் வைப்பிலோ அதனை இடுக. தொழிற்சாலையில் மிகைநேர ஊதியம் வரும் திங்களில் அதையும் இதனொடு சேர்க்கலாம். வழக்கமான ஊதியத்திற் கை வைத்தலாகாது. சேமிப்பிலிருந்து சென்றவன் திரும்பி வந்து உறங்குவான். கடனாற் சென்றவன் கப்பலிலும் உறங்கான்.

இரண்டாவது, எத்தகைய கடற்செலவு வேண்டும் எனத் தெளிக. கடலைக் காண்பதே விருப்பமாயின் உல்லாசக் கப்பல்தான் வேண்டும் என்பதில்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல்கள் செல்கின்றன. போர்ட் பிளேர் எனப்பட்ட அவ்வூர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்றது. இரண்டரை மூன்று நாட் பயணம். பல அடுக்குப் படுக்கைகள் கொண்ட பொதுவகுப்பில் கட்டணம் மிகக் குறைவு. யாழ்ப்பாணம் காண விரும்புவோர்க்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14இல் பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்றது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. வங்கக் கடலின் வடகிழக்குப் பருவக் காற்றில் இத்தகைய சேவைகள் நிறுத்தப்படுதல் உண்டு. ஆதலின், புறப்படுமுன் வினவியே செல்க.

மூன்றாவது, விளம்பரக் கட்டணத்தை முழுக்கட்டணமென்று கொள்ளற்க. அது பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில் ஒருவர்க்குரியது. வரி, துறைமுகக் கட்டணம், பணியாளர்க்குரிய சேவைத்தொகை ஆகியன தனியே வரும். தனியொருவர் சென்றால் ஏறத்தாழ இருவர்க்குரியதைச் செலுத்த நேரும். அதே அறையில் மூன்றாமவரும் நான்காமவரும் தங்கினால் அவர்க்குக் கட்டணம் பெரும்பாலும் குறையும். சாளரமில்லா உள்ளறையே மலிவு. பகலெல்லாம் மேற்றளத்தில் இருக்கப்போகும் நமக்கு அறையிற் சாளரம் எதற்கு? கடல்மயக்கம் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியிலுள்ள அறையைக் கேட்டுப் பெறுக. ஆட்டம் அங்கேதான் குறைவு.

நான்காவது, கப்பலினுள் பணம் கண்ணிற் படாது. அறைத்திறப்பு அட்டையை நீட்டினாற் போதும். எல்லாம் கணக்கில் ஏறும். கண்ணிற் படாத பணம் விரைந்து கரையும். பிள்ளைகளின் அட்டைகளிற் செலவுக்கு இடமில்லாதபடி செய்யுமாறு முதல் நாளே வரவேற்பு மேசையிற் கூறிவிடுக. நாள்தோறும் மாலையில் கணக்கை வாங்கிப் பார்க்க. ஐயம் உண்டாயின் இறங்குமுன் கேட்க. இறங்கிய பின் கேட்டுப் பெறுதல் அரிது. வங்கியின் பற்று அட்டையை ஈடாகக் கொடுத்தால், அதிலுள்ள தொகையிற் பெரும்பகுதி பல நாள் முடங்கிக் கிடக்கக்கூடும். கல்விக் கட்டணம் வைத்துள்ள கணக்கின் அட்டையை ஒருபோதும் கொடுக்கலாகாது.

ஐந்தாவது, கைப்பேசி. கப்பல் கரையை விட்டு அகன்றதும் விண்கோள் வழியாகக் கப்பலின் சொந்த வலையமைப்பு கைப்பேசியைப் பற்றிக்கொள்ளும். அதன் கட்டணம் கரையிலுள்ளதினும் பன்மடங்கு மிகும். ஏறியவுடன் விமானப் பயண நிலையில் வைத்துவிடுக. மூன்று நாள் செய்தி பாராதிருத்தலால் எவர்க்கும் கேடு வந்ததில்லை. கப்பலின் புகைப்படக்காரர் எடுக்கும் படமும் வாங்கினாலன்றி இலவசமன்று. நம் கைப்பேசியே படம் எடுக்கும்.

ஆறாவது, உணவு. கட்டணத்தில் அடங்கிய பொது உணவகம் ஒவ்வொரு கப்பலிலும் உண்டு. சைவ உணவு வேண்டுமென்று பதிவு செய்யும்போதே கூறுக. தனிக்கட்டண உணவகங்கள் விருப்பத்திற்குரியவையேயன்றித் தேவைக்குரியவை அல்ல. வெற்றுப் புட்டியைக் கொண்டுசென்று குடிநீர் நிரப்பிக்கொள்க. பழங்களைக் கரைக்குக் கொண்டுபோதலைப் பல நாடுகள் தடுக்கின்றன. அதனை அறிந்து நடக்க. மதுவும் சூதும் பற்றி இவ்வவையில் யான் கூறவேண்டுவதில்லை.

ஏழாவது, கரைச்சுற்றுலா. தன் காலில் நிற்பவர்க்கு மிகுந்த ஆதாயமும் மிகுந்த இடரும் உள்ள இடம் இதுவே. சிங்கப்பூரில் மரீனா விரிகுடாக் கப்பல் நிலையத்திற்கு அருகிலேயே மரீனா சவுத் பியர் என்னும் தொடர்வண்டி நிலையம் உண்டு. நம்மவர் தங்கும் லிட்டில் இந்தியாவிலிருந்து தோபி காட்டில் ஒருமுறை வண்டி மாறினால் அங்குச் சேரலாம். வாடகைக் கார் வேண்டா. பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் நகரின் வாயிலிலேயே உள்ளது. நகருக்குள் கட்டணமில்லாப் பேருந்தும் ஓடுகிறது. ஆனால் கிள்ளான் துறையில் இறங்கிக் கோலாலம்பூர் காண விரும்பினால் வழி நெடிது. கப்பலார் நடத்தும் சுற்றுலா வண்டி தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தனியே சென்றவர்க்குக் காத்திராது. ஆகவே, அண்மையிலுள்ளதற்குத் தனியே செல்க. சேய்மையிலுள்ளதற்குக் கப்பலாரோடு செல்க. இதுவே என் விதி. ஏறவேண்டிய நேரத்திற்கு ஒரு மணி முன்னரே துறைக்கு வந்துவிடுக. கப்பலின் கடிகாரத்தை நம்புக. கப்பல் முகவரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க.

எட்டாவது, சில செலவுகள் சிக்கனம் செய்யத் தகாதவை. கப்பல் மருத்துவரிடம் சென்றாற் கட்டணம் பெரிது. ஆதலின் கடற்பயணத்தையும் உள்ளடக்கிய காப்பீடு எடுக்க. வெளிநாட்டிலிருந்து கப்பலேறுவோர் ஒரு நாள் முன்னரே அவ்வூர் சேர்ந்துவிடுக. விமானம் தாமதித்தால் ஓரிரவு விடுதிக்கட்டணத்தைக் காட்டிலும் பன்மடங்கு இழப்பு நேரும். சிங்கப்பூருக்கு மீண்டு வரும் கப்பலாயின், பலமுறை நுழையும் இசைவு உள்ளதா என்று பார்க்க. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்க்கு 30 நாள் வரை இசைவுச்சீட்டின்றி வர இடந்தந்தது. அது காலவரையறையுள்ள சலுகையாதலின் புறப்படுமுன் உறுதி செய்க. அனைத்தினும் முதன்மையானது, பணியாளர்க்குரிய சேவைத்தொகையைக் குறைக்க முயலற்க. திங்கட்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்து, இரவும் பகலும் முறைவேலை செய்பவர் அவர். முறைவேலையின் அருமையை நம் ஒரகடத்துப் பிள்ளைகட்கு யான் எடுத்துச் சொல்லவேண்டுமோ? ஏழையின் கூலியிற் பிடிப்பது சிக்கனமன்று. அதற்கு வேறு பெயர்.

ஒன்பதாவது, நிகழ்ச்சிநிரல் மாறக்கூடும் என்று அறிந்தே ஏறுக. சென்னையிலிருந்து 2022 ஜூனில் உல்லாசக் கப்பற் சேவை தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு புதுச்சேரிக் கடல் வரை வந்த கப்பலிலிருந்து பயணிகள் அங்குக் கரையிறங்க இசைவு கிடைக்கவில்லை. புயலாலும் இவ்வாறு நேரும். ஒரு துறை தவறினால் என்ன திருப்பித் தருவர் என்பதை நிபந்தனைத் தாளில் முன்னரே படிக்க. படியாமற் கையெழுத்திடும் வழக்கத்தை நாம் விடவேண்டும்.

இவ்வொன்பதையும் கைக்கொண்டு 2025இல் மீண்டும் புறப்பட்டோம். ஆசிரியனுக்கு விடுமுறையிலன்றிச் செல்ல இயலாது. கோடை விடுமுறையிற் கட்டணம் மிகுதி. எனவே காலாண்டு விடுமுறையைத் தேர்ந்தோம். சிங்கப்பூரில் ஏறினோம், உள்ளறை இரண்டு, கைப்பேசிகள் பெட்டியில் உறங்கின. பினாங்கில் கப்பலாரின் சுற்றுலா வண்டிகள் மலைக்கும் கடைகளுக்கும் புறப்பட்டன. நாங்கள் நடந்தே சென்றோம். குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில் உள்ளது. பாட்டனார் தம் கடிதங்களில் அக்கோயிலைக் குறித்து எழுதியிருந்தார். அதனைச் சுற்றியுள்ள தெருக்களில் என் தாய் என் கையைப் பற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்தார்கள். கணக்கெழுதிய கடை எதுவென்று தெரியவில்லை, எவரும் அறியார். கோயில் வாயிலில் அமர்ந்து, "இங்கே அவர் கட்டாயம் நின்றிருப்பார்" என்றார்கள். பின் நெடுநேரம் பேசவில்லை. எந்தச் சுற்றுலா வண்டியும் எங்களை அவ்விடத்தில் இரண்டு மணி நேரம் இருக்க விட்டிராது. அதற்கு எங்கட்கு ஆன செலவு, உண்டியலில் இட்ட காணிக்கையும் இளநீர் விலையுமே.

இறுதி நாட் காலையில் கதவின் கீழ்த் தாள் வந்தது. சேவைத்தொகையன்றி வேறொன்றும் அதில் இல்லை. அதனை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். கையில் வளையல்கள் ஒலித்தன.

அன்பர்களே! சிக்கனம் என்பது ஆசையைக் கொல்லுதல் அன்று. வேண்டாத ஆசையை விலக்கி, வேண்டிய ஆசைக்கு வழி விடுதலேயாம். நம் இளைஞர்கள் பெற்றோரைக் கடல் காட்டி மீளுக. மீண்டு வந்து கடனின்றி வாழ்க. இச்சங்கத்தில் கப்பலேற விரும்பும் குடும்பங்கள் உளவாயின், பயணச்சீட்டின் நிபந்தனைகளைப் படித்துப் பொருள் கூற யான் ஞாயிறுதோறும் மாலையில் இங்கு இருப்பேன். அதற்குக் கட்டணம் இல்லை.