ஓநாய் மனிதனும் இரத்தக் காட்டேரியும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டிச் செல்லும் சாலையில், இரவு இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நடந்து வீடு திரும்பியவர் பலர். கொட்டகைக்குள் இருந்த வரையில் திரையில் தோன்றிய பேயைக் கண்டு சிரித்தவர், வெளியே வந்து நூறு அடி நடந்ததும் பின்னால் திரும்பிப் பார்ப்பார். ஒரு புறம் கடல் இரையும். மறுபுறம் ஆலைச் சுவர் நீண்டு கிடக்கும். வருவது தம் நிழல்தான் என்று தெரிந்த பிறகும் அவருடைய நடை விரையும். அந்த நடையை விரையச் செய்யும் அச்சத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன்.

அச்சத்தைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்தனர். தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சமும் ஒன்று. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அந்நூல் வரையறுக்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. பேயும் பூதமும் போன்றவை அணங்கு. கொடிய மிருகங்கள் விலங்கு. பொருளையும் உயிரையும் கவர்வோர் கள்வர். நம்மை ஆளும் அதிகாரம் உடையவர் இறை. இந்த நான்கையும் ஒருசேரக் காண்பதற்கு ஒரு திரைப்படத்தின் வரலாறு நமக்கு உதவும். அது பெரும் பொருட்செலவில் உருவான காவியம் அன்று. சிறு முதலில், ஸ்பெயின் நாட்டில் எடுக்கப்பெற்ற ஓர் அச்சப் படம். ஓநாய் மனிதன் ஒருவன் இரத்தக் காட்டேரிகளோடு மோதுவதே அதன் கதை.

இப்படத்தின் வேர் ஒரு சிறுவனுடைய மனத்தில் ஊன்றியது. மாட்ரிட் நகரில் 1934-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஹசிந்தோ மோலினா. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரின் நடுவே அவருடைய குழந்தைப் பருவம் கழிந்தது. சிறுவனாக இருந்தபோது, 1943-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓநாய் மனிதன் படம் ஒன்றைக் கண்டார். அந்த உருவம் அவரை விட்டு அகலவே இல்லை. வளர்ந்து பளு தூக்கும் வீரரானார்; படங்களில் சிறு வேடங்களும் ஏற்றார். பின்பு ஓநாய் மனிதன் கதை ஒன்றைத் தாமே எழுதினார். அமெரிக்கப் படங்களில் அவ்வேடம் பூண்ட லான் சானி இளையவரை அழைத்து நடிக்க வைக்க முயன்றனர், அது கைகூடவில்லை. எழுதியவரே நடிகராகவும் ஆனார். வெளிநாட்டு வாணிகத்துக்கு ஏற்ற பெயர் வேண்டும் என்றதால் பால் நாஷி என்று பெயர் சூடிக்கொண்டார். 1968-இல் முதற்படம் வெளிவந்தது. 1971-இல் வெளிவந்த ‘வால்புர்கிஸ் இரவு’ என்னும் படமே அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. ஏப்ரல் முப்பதாம் நாள் இரவில் சூனியக்காரிகள் ஒன்றுகூடுவர் என்பது ஐரோப்பிய நம்பிக்கை. அந்த இரவின் பெயரே படத்தின் பெயர். அதனை இயக்கிய லியோன் கிளிமோவ்ஸ்கி, அர்ஜென்டினாவில் பிறந்து பல் மருத்துவம் பயின்றவர்.

கதையைச் சுருங்கக் கூறுகிறேன். வால்டெமார் தனின்ஸ்கி என்பவனுடைய பிணத்தை மருத்துவர் இருவர் அறுத்துப் பார்க்கின்றனர். ஓநாயாக மாறுபவன் அவன் என்னும் ஊர்ப் பேச்சை அவர்கள் நம்பவில்லை. அவன் நெஞ்சிலிருந்த வெள்ளிக் குண்டுகளை எடுத்துவிடுகின்றனர். அவன் உயிர்பெற்று எழுகிறான். மற்றொரு புறம், கல்லூரி மாணவியர் இருவர் பழங்காலப் பிரபுமாது ஒருத்தியின் கல்லறையைத் தேடி வருகின்றனர். கல்லறையைத் திறந்து, பிணத்தின்மேல் இருந்த வெள்ளிச் சிலுவையை எடுக்கின்றனர். காயம் பட்ட ஒருத்தியின் குருதி பிணத்தின்மேல் சொட்டுகிறது. காட்டேரி விழித்துக்கொள்கிறாள். இறுதியில் ஓநாய் மனிதன் அவளோடு போரிட்டு அவளைக் கொல்கிறான். பிறகு, அவனை நேசித்த மாணவி, அவனுடைய விருப்பப்படியே, அதே வெள்ளிச் சிலுவையால் அவன் உயிரைப் போக்குகிறாள்.

இதில் காட்டேரி அணங்கு, ஓநாய் விலங்கு. இரண்டும் தீமையே. இரண்டு தீமைகள் மோதும்போது நாம் யார் பக்கம் நிற்பது? படம் பார்க்கும் எவரும் தயங்காமல் ஓநாயின் பக்கமே நிற்கின்றனர். ஏன்? காட்டேரி தன் பசியைக் குற்றமாக எண்ணுவதில்லை. தான் உயிர் வாழப் பிறர் மடிவது முறையே என்று அமைதியாக இருக்கிறாள். ஓநாய் மனிதனோ தான் செய்வதை அறிந்தவன். நிலவு மறைந்து பொழுது விடிந்தால் தன் கையிலுள்ள குருதியைக் கண்டு நடுங்குகிறான். தன்னைக் கொல்லும் கருவியைத் தானே தேடுகிறான். பிறர் அவனுக்கு அஞ்சுகின்றனர். அவனும் தனக்கே அஞ்சுகிறான். தனக்குத் தான் அஞ்சும் பண்பு ஒன்றே அவனை மனிதனாக்குகிறது. சிறு முதலில் எடுத்த இப்படத்தின் பெரும் முதல் இதுவே என்பேன்.

பணம் குறைவு என்பதைப் படத்தில் எங்கும் காணலாம். கதை பல இடங்களில் தடுமாறுகிறது. ஒட்டவைத்த உரோமம் ஒட்டவைத்த உரோமமாகவே தெரிகிறது. ஆயினும் வறுமை அறிவைத் தீட்டியதும் உண்டு. காட்டேரிகள் புகை மூட்டத்தினூடே மெல்ல மெல்ல மிதந்து வருவன போலத் தோன்றும் காட்சிகள் புகழ் பெற்றவை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. திரைப்படம் ஒரு நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. படமெடுக்கும்போது நொடிக்கு 48 படங்களாகப் பதிவு செய்து, திரையில் 24 படங்களாக ஓட்டினால் அசைவின் வேகம் பாதியாகக் குறையும். விரைந்து தாக்கும் பகையைவிட, விரையாமல் வரும் பகையே அதிகம் அச்சுறுத்தும். ஓடித் தப்ப முடியாது என்பதை அது நன்கு அறியும் போலும்!

சிறு முதலும் நிறைந்த கற்பனையும் கூடும் இந்தக் கலை நமக்கும் புதிதன்று. 1978-இல் வெளிவந்த ‘ஜகன்மோகினி’யை நம் பெற்றோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பி. விட்டலாச்சார்யா தெலுங்கில் எடுத்த அப்படம் தமிழ் பேசியும் ஓடியது. பேய் ஒன்று விறகுக்குப் பதிலாகத் தன் கால்களையே அடுப்பில் வைத்து எரித்துச் சமைக்கும் காட்சியை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நடிகர் யாரேனும் குறித்த நாளில் வாராது தொல்லை கொடுத்தால், கதையில் அவரை ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு அவ்வியக்குநர் படத்தை முடித்துவிடுவார் என்று ஒரு கதையும் திரையுலகில் உலவுகிறது. மனிதன் விலங்காவதற்கு ஐரோப்பாவில் முழுநிலவு தேவைப்பட்டது. சென்னையில் அதற்கு ஒரு நடிகரின் பிடிவாதமே போதுமானதாக இருந்தது!

இனி, தொல்காப்பியர் கூறிய மற்ற இருவரைத் தேடுவோம். ‘தம் இறை’ ஸ்பெயினில் வெளிப்படையாகவே இருந்தது. 1939 முதல் 1975 வரை அந்நாட்டை ஆண்டவர் சர்வாதிகாரி பிராங்கோ. அவருடைய தணிக்கையாளர், ஸ்பெயின் நாட்டவன் ஒருவன் ஓநாயாக மாறுவதை ஏற்கவில்லை. ஆதலால் கதாநாயகன் போலந்து நாட்டவன் ஆனான். தீமை என்பது அயலானுக்கே உரியது என்று காட்ட அதிகாரம் விரும்பியது. ஆனால் விளைந்தது வேறு. ஊரும் உறவும் இல்லாது அலையும் அயலான் என்பதால் அவன்மீது காண்போருக்கு இரக்கமே மிகுந்தது. அதிகாரத்தின் கத்தரிக்கோல் சில வேளைகளில் தான் எண்ணாத வடிவத்தை வெட்டித் தருவதுண்டு.

கள்வரும் இதில் இல்லாமல் இல்லை. நாஷியின் 1968-ஆம் ஆண்டுப் படம் அமெரிக்காவுக்குச் சென்றபோது, அங்கிருந்த விநியோகஸ்தருக்குப் ‘பிராங்கன்ஸ்டைன்’ பெயரில் ஒரு படம் அவசரமாகத் தேவைப்பட்டது. ஓநாய்ப் படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு விளக்கத்தை ஒட்டி, பிராங்கன்ஸ்டைன் குடும்பத்தாரே ஓநாய்களாயினர் என்று கூறி, ‘பிராங்கன்ஸ்டைனின் இரத்தப் பயங்கரம்’ எனப் பெயரிட்டு விற்றுவிட்டார். கதையில் எங்கும் இல்லாத ஒருவரைக் காணப் பணம் கொடுத்து நுழைந்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மாணவ மாணவியர் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ஓநாய் மனிதனுக்கு வெள்ளி ஆகாது, காட்டேரிக்குக் கதிரவன் ஆகாது என்னும் விதிகளை நாம் பழைய நாட்டுப்புற நம்பிக்கைகள் என்றே எண்ணுகிறோம். இவற்றை நம் மனத்தில் ஊன்றியவை பெரும்பாலும் திரைப்படங்களே. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய புதினத்தில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். கதிரவன் ஒளி பட்டு அழியும் காட்டேரியை 1922-இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘நோஸ்பராட்டு’ என்னும் மௌனப் படமே முதலில் காட்டியது. ஓநாய் மனிதனுக்குரிய விதிகள் பலவற்றை நிலைநாட்டியவர் 1941-ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்துக்குக் கதை எழுதிய கர்ட் சியோட்மாக். அவர் யூதர்; ஜெர்மனியில் இட்லர் ஆட்சி வந்ததும் நாட்டை விட்டு வெளியேறியவர். நல்ல மனிதனும் ஓர் இரவில் ஓநாயாகக்கூடும் என்று எழுத அவருக்குக் கற்பனை மட்டுமா துணை நின்றிருக்கும்?

விதி உள்ள அச்சம் இனிய அச்சம். வெள்ளி இருந்தால் பிழைக்கலாம். விடியும் வரை பொறுத்தால் தப்பலாம். பகை இன்னது, மாற்று இன்னது என்று தெரிந்திருப்பதால்தான் பணம் கொடுத்து அஞ்சிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறோம். ஆனால் கொட்டகைக்கு வெளியே உள்ள அச்சங்களுக்கு இவ்வாறு விதி எழுதி வைத்தவர் யார்?

நம் வடசென்னையே இதற்குச் சான்று கூறும். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் இருளில் வந்து சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கப்பல் போன பிறகும் அச்சம் போகவில்லை; மக்கள் கூட்டங் கூட்டமாக நகரை விட்டு ஓடினர். ‘எம்டன்’ என்ற சொல் தமிழிலேயே தங்கிவிட்டது. ஆயினும் அந்தப் பகைக்கு உருவம் உண்டு, பெயரும் உண்டு. கடலிலிருந்து வந்த கள்வன் என்று அதனைத் தொல்காப்பியப் பட்டியலில் அடக்கிவிடலாம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவு எண்ணூரில் நேர்ந்ததை எதில் அடக்குவது? கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி எழுந்தனர். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் சாலைக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். துரத்தியது விலங்கும் அன்று, அணங்கும் அன்று. எங்கிருந்து வருகிறது, எந்தத் திசையில் ஓடினால் தப்பலாம் என்று அறியாத அச்சம் அது. விடியும் வரை பொறுத்தால் போதும் என்னும் உறுதியும் அதற்கு இல்லை.

இங்கேதான் அந்த ஸ்பானியப் படத்தின் இரு உருவங்களும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. தொழில் வேண்டும், துறைமுகம் வேண்டும், உரமும் எண்ணெயும் மின்சாரமும் வேண்டும். இவற்றை ஆக்கும் ஆற்றல் தீங்கு செய்யும் ஆற்றலையும் தன்னுள் கொண்டது. அந்த ஆற்றலைக் கையாள்வோர் காட்டேரியைப்போல் மனம் கலங்காது இருக்கப் போகிறார்களா? ஓநாய் மனிதனைப்போல், தம் கையால் விளையக்கூடிய தீங்குக்குத் தாமே முதலில் அஞ்சப் போகிறார்களா? குழாயை நாள்தோறும் சோதிப்பதும், கசிவை அறிவிக்கும் கருவியை ஊர் நடுவே வைப்பதும், ஓட வேண்டிய வழியை முன்கூட்டியே மக்களுக்குக் கற்பிப்பதும் அந்த அச்சத்தின் நற்பயன்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடைமை என்பது வள்ளுவர் காட்டிய வழி.

உங்களுள் பலர் நாளைப் பொறியியலாளராகவும் அதிகாரிகளாகவும் ஆவீர்கள். அச்சப் படங்களைப் பாருங்கள், மகிழ்ந்து அஞ்சுங்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சிறு முதலில் எடுத்தது என்று எள்ளாமல் அதன் உள்ளே இருப்பதையும் காணுங்கள். 2009-இல் மறைந்த பால் நாஷிக்கு அவருடைய நாடே 2001-இல் கலைக்கான தங்கப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. ஒருகாலத்தில் தன் நாட்டவனாக ஏற்க மறுத்த ஓநாயை ஸ்பெயின் இறுதியில் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் ஆட்டம் முடிந்து எண்ணூர்ச் சாலையில் நடக்கும்போது நீங்களும் பின்னால் திரும்பிப் பாருங்கள். வருவது உங்கள் நிழலாகவே இருக்கும். பிறகு, சாலையோரத்துக் குழாயையும் ஒரு முறை பாருங்கள்.