கூட இருப்பதும் வேலைதான்



துக்க வீட்டுக்குப் போகிறோம். என்ன செய்கிறோம்? பக்கத்தில் உட்காருகிறோம். அவ்வளவுதான். போகாமல் இருந்து பாருங்கள், காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள்!

இப்படிக் கூட இருப்பதையே ஒரு வேலையாக்கியவர் உண்டு. பெத்ரோ அருப்பே என்று ஒரு பாதிரியார். ஸ்பெயின்காரர். மருத்துவம் படித்தவர். ஜப்பானில் ஊழியம் செய்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, காயம்பட்டவர்களைத் தம் மடத்திலேயே வைத்துப் பார்த்தார். பிறகு, தாம் சேர்ந்திருந்த இயேசு சபை என்ற துறவற சபைக்கே தலைவரானார்.

அவர் தலைவராக இருந்தபோதுதான் வியட்நாம் மக்கள் நாட்டைவிட்டுப் படகேறித் தப்பினார்கள். அந்தச் செய்தி அவரை உலுக்கியது. 1980-இல் அகதிகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அது தன் வேலையாக முதலில் சொல்வது என்ன தெரியுமா? அகதிகளோடு கூட இருப்பது. சோறு, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. ஆனாலும் முதலில், கூட இருப்பது.

மறு ஆண்டு ஆகஸ்டில் தாய்லாந்து போனார். அகதிகளிடையே வேலை செய்த குருக்களைச் சந்தித்தார். நாளெல்லாம் அடுத்தவர் துயரத்தைக் கேட்கிறவர்கள். அவர்களுக்கும் உள்ளம் வற்றிப்போகும் அல்லவா? ஜெபத்தை விட்டுவிடாதீர்கள் என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். ரோமில் விமானம் இறங்கியதும் அவரைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு குழறிப்போனது.

அவர் தொடங்கிய அமைப்பு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டிலும், இலங்கை அகதிகள் முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியிருக்கிறது.