கட்டற்ற மென்பொருளும் நம் பிள்ளைகளின் பள்ளியும்



பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. நம் மக்கள் வாங்கக்கூடிய விலையையே அவர் பெயராக வைத்தார். ஆனால் விலை பாதிச் செய்திதான். எதை எழுதுவது, எதை அச்சிடுவது என்பதை நாமே முடிவு செய்தோம் என்பது மீதிப் பாதி. கணினியைப் பற்றிப் பேசும்போதும் இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, லேபில் இருந்த படம் வரையும் மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துப் போயிருக்கிறாள். "திருட்டுக் காப்பியா போடுற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். அந்த லேபில் இருந்ததே உரிமம் வாங்காத நகல்தான். ஆனாலும் திருட்டு என்ற சொல் சேரிப் பிள்ளைமேல்தான் விழுந்தது. அந்தச் சொல்லுக்கு எத்தனை வயது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அது கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருளாக இருந்திருந்தால், அவள் செய்தது அவளுடைய உரிமை. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் நான்கு உரிமைகளைக் கேட்கிறது: எதற்கும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படித்து மாற்றலாம், நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம். பள்ளிக்கூடம் என்றாலே படிப்பதும் பகிர்வதும்தானே?

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2005-இல் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கப்பட்டபோது, அதை நடத்திய நிறுவனங்களில் ஒன்று இங்கிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஆனால் நான் விசாரித்த பிள்ளைகளில் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

கேரளத்தில் 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பின்னர் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அங்கே ஆசிரியர் பயிற்சி, பாடநூல், தேர்வு எல்லாமே அதற்கேற்ப மாறின. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் நடத்தினார்கள். அங்கே பிள்ளைகள் கிம்ப்பில் படம் வரைந்தார்கள். பழைய கணினிகளும், மாலையில் வந்து உட்கார்ந்த இளைஞர்களும்தான் அதன் மூலதனம்.

நம் பக்கம் பாருங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்: நகரத்திலிருந்து பெயர்த்தெடுத்துக் குடியேற்றப்பட்ட மக்கள். பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. கம்பெனிகள். நம் அக்காமார்கள் அந்தக் கட்டடங்களுக்குள் துடைப்பத்தோடுதான் போகிறார்கள். அவர்களுடைய பிள்ளைக்குப் பொத்தானை அழுத்த மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு வேண்டும். மூடிய மென்பொருள் அந்த இடத்தில் கதவைச் சாத்துகிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். மென்பொருள் கட்டற்றதாகிவிட்டால் சாதி கழன்று விழுந்துவிடாது. லேபின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்தப் பிள்ளையைக் கணினி முன் உட்கார வைக்கிறார்கள் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் கட்டற்ற இயங்குதளம் இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தமிழில் கையேடும் வேண்டும். மூன்றாவது கோரிக்கை அரசிடம் அல்ல, இங்கே உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவர்களிடம்: வாரம் ஒரு மாலை நம் குடியிருப்புக்கு ஒரு பழைய கணினியோடு வாருங்கள். பிள்ளைகள் காப்பி எடுத்துக்கொண்டு போகட்டும்.